வாடிக்கையாளர் ஒத்துழைக்கவில்லை

எங்கள் வீடுகளில் மின்சாரத்தில் ஓடும் ஒவ்வொரு பொருளுக்கும் என் குறிப்பேட்டில் ஒரு பக்கம் உண்டு. வாங்கிய நாள், மாடல் எண், வந்த கோளாறு, அதன் காரணம், மாற்றிய உதிரி. நெதர்லாந்தில் நான் இருக்கும் வீட்டுப் பொருள்கள் குறிப்பேட்டின் முன்பக்கத்திலிருந்து தொடங்கும். திருநின்றவூரில் அம்மாவும் அப்பாவும் இருக்கும் வீட்டுப் பொருள்கள் பின்பக்கத்திலிருந்து தொடங்கும். இரண்டும் நடுவில் சந்திக்க இன்னும் நாற்பது தாள் பாக்கி இருக்கிறது.

திருநின்றவூர் சலவை இயந்திரத்தின் பக்கத்தில் ‘காரணம்’ என்ற இடம் மட்டும் போன வருடம் பத்து வாரம் காலியாக இருந்தது. அந்தப் பத்து வாரத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

இயந்திரம் ஒன்பது வருடப் பழசு. முன்பக்கம் வட்டக் கதவு வைத்தது. ஒரு விடுமுறையில் நான்தான் வாங்கி, மாடிப்படிக்குக் கீழே நிறுத்தி, அதை எப்படிப் பயன்படுத்த வேண்டும் என்று பத்து விதிகள் எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டு வந்தேன். ஏழாவது விதி: துவைத்து முடித்ததும் கதவைத் திறந்தே வைக்கவும், இல்லாவிட்டால் ரப்பர் நாறும். பத்தில் அம்மா தவறாமல் பின்பற்றியது அந்த ஒன்றைத்தான்.

அப்பா ஆவடியில் ராணுவத் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். குவார்ட்டர்ஸைக் காலி செய்த கையோடு, உடன் வேலை பார்த்த பலரைப் போல அவரும் திருநின்றவூரில் மனை வாங்கி வீடு கட்டினார். போன ஜூன் மாதம் அவருக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு ஐந்தாறு சொற்களாகச் சுருங்கியது. பகலில் சக்கர நாற்காலி, மற்ற நேரம் கட்டில். ஒரு நாளைக்கு மூன்று படுக்கை விரிப்புகள், சில நாள் நான்கு. இயந்திரம் ஓடியவரை அம்மா சமாளித்தாள். அவளுக்கு இடது மணிக்கட்டு முன்பே ஒரு முறை உடைந்து, கொஞ்சம் கோணலாகக் கூடியது. வாளியைத் தூக்கினால் வலிக்கும், துணியைப் பிழிந்தால் இன்னும் வலிக்கும்.

ஆயுத பூஜையன்று காலை, எனக்கு ஆறரை மணி, அங்கே பத்து, அம்மாவே கூப்பிட்டாள். வழக்கமாக நான்தான் கூப்பிடுவேன்.

"இன்னைக்கு அப்பாவே மிஷினுக்குச் சந்தனம் வெச்சாரு. வலது கையால."

"அவரா தூக்கினாரா, நீ பிடிச்சியா?"

"நான் கிண்ணத்தத்தான் பிடிச்சேன். கைய இல்ல."

அப்பாவுக்குக் கைகால் பயிற்சி கொடுக்க வருகிறவரின் முந்தைய வார அறிக்கை என் கைப்பேசியில் இருந்தது. வலது கை அசைவு: இல்லை. அதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். தசை தானாகத் துடிப்பது உண்டு, அதை நம்பி ஆசையை வளர்த்துக்கொள்ளாதே என்றேன். என் வேலை ஆய்வகங்களின் அளவுக் கருவிகளைச் சரிபார்ப்பது. அளக்காத எதையும் நான் எழுத்தில் ஏற்றுவதில்லை. அம்மா, "பொட்டுக்கடலை இந்தத் தடவை நல்லாவே இல்ல" என்று சொல்லி வைத்துவிட்டாள். அன்றைய நாட்குறிப்பில் எழுதினேன்: ‘அப்பா வலது கையை அசைத்ததாக அம்மா சொல்கிறாள். உறுதி இல்லை.’

மறுநாள் இயந்திரம் ஓடவில்லை. கதவு மூடவில்லை என்று விளக்கைச் சிமிட்டிக்கொண்டு நின்றுவிட்டது.

ஒரு பொருளை வாங்கியவர் வேறு தேசத்திலும் பொருள் இன்னொரு தேசத்திலும் இருந்தால் என்ன ஆகும் என்பதை நான் அதன் பிறகுதான் முழுதாகத் தெரிந்துகொண்டேன். புகார் எண்ணுக்கு அழைத்தால் இந்தியக் கைப்பேசி எண்ணை அழுத்தச் சொன்னது. என்னிடம் இருந்த இந்திய எண் ரீசார்ஜ் செய்யாமல் செத்துப்போயிருந்தது. செயலி மூலம் பதிவு செய்தேன். நேரம் எத்தனை முறை மாற்றினாலும், "ஆள் கிளம்பிவிட்டார்" என்ற செய்தி நான் பேருந்தில் இருக்கும்போதுதான் வரும். ஒன்பதாம் நாள் உண்மையிலேயே ஒரு மெக்கானிக் வீட்டுக்குப் போனார். வேலை முடிந்ததும் அவரிடம் சொல்ல வேண்டிய ரகசிய எண் என் கைப்பேசிக்கு வந்தது. அம்மா அழைத்தாள்.

"நம்பர் வந்துதா? கேக்கறான்."

"சரி பண்ணிட்டானா?"

"நீ நம்பரச் சொல்லு, அவன் போகணுமாம்."

சொன்னேன். அரை நிமிடத்தில் செயலியில் என் புகார் முடித்துவைக்கப்பட்டது. கீழே ஒரு வரி: ‘வாடிக்கையாளர் ஒத்துழைக்கவில்லை.’

அம்மாவிடம் கேட்டேன். "பார்த்தான், போயிட்டான்" என்றாள். அவ்வளவுதான்.

வேலை செய்யாமல் எண்ணை வாங்கிக்கொண்டு போவது இப்போது எல்லா ஊரிலும் நடக்கிற மோசடி என்று எனக்குத் தெரியும். ஆனால் எழுபத்திரண்டு வயதில் கோணல் மணிக்கட்டோடு கணவனின் விரிப்புகளைத் துவைக்கிற ஒருத்தியைப் பார்த்து ‘ஒத்துழைக்கவில்லை’ என்று எழுதியதை என்னால் விட முடியவில்லை. தேதி, நேரம், ரகசிய எண் வந்த வினாடி என எல்லாவற்றையும் போட்டு நான்கு பத்தியில் ஒரு மின்னஞ்சல் அனுப்பினேன். உங்கள் புகார் திருப்திகரமாகத் தீர்க்கப்பட்டது என்று பதில் வந்தது. அதற்கு ஒரு பதில் எழுதினேன். அந்த ஆள்மேல் தனியாக இன்னொரு புகார் எழுதினேன். மூன்றாம் வாரம், இந்த மாடலுக்கு இனி உதிரி வராது, பழையதைக் கொடுத்துவிட்டுப் புதியதை எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். கோபத்தோடு புதியதையே வாங்கி அனுப்பினேன். பழையதைத் திரும்ப எடுத்துக்கொண்டு புதியதை வைத்துவிட்டுப் போவதாக ஏற்பாடு. வண்டி வீட்டு வாசல்வரை போய் அப்படியே திரும்பிவிட்டது. செயலியில் மறுபடி ஒரு வரி: ‘வாடிக்கையாளர் பெற்றுக்கொள்ள மறுத்தார்.’

"ஏம்மா திருப்பி அனுப்பின?"

"இதுவே ஓடும். இத எடுத்துட்டுப் போகக் கூடாது."

"எப்படி ஓடும்? நீ சொன்னா ஓடிடுமா?"

"கத்தாத. அப்பா முழிச்சிட்டாரு."

பிடிவாதம் என்று நினைத்தேன். வீடியோவில் நானே பார்த்துச் சொல்கிறேன் என்றேன். அம்மா கைப்பேசியை எடுத்துக்கொண்டு போய் இயந்திரத்தின் மேல்புறத்தைக் காட்டினாள், பின்னால் உள்ள குழாயைக் காட்டினாள், உப்புத் தண்ணீர் பட்டு வெள்ளை படிந்த இணைப்பைக் காட்டினாள். "கதவோட கொக்கி போய் மாட்டும் பாரு, அந்த ஓட்டையக் காட்டு" என்றால் அப்போது பார்த்து அப்பா கூப்பிடுவார், அல்லது சார்ஜ் தீர்ந்துவிடும்.

நான் இருக்கும் நகரத்தின் நூலகத்தில் மாதத்தின் முதல் சனிக்கிழமை பழுது பார்க்கும் கூட்டம் ஒன்று நடக்கும். அந்த நாட்டில் ஒரு மெக்கானிக்கை வீட்டுக்கு அழைக்கும் செலவுக்குப் புதிதாகவே ஒன்று வாங்கிவிடலாம் என்கிற நிலைமை. அதனால் பழசை விட மனமில்லாதவர்கள் அதைத் தூக்கிக்கொண்டு அங்கே வருவார்கள். ஃபிட்டரின் மகள் என்பதாலும், அம்பத்தூர் மார்க்கெட்டில் வாங்கிப் போன மிக்ஸி கப்ளரை நானே மாற்றிப் பழகியதாலும், ஆறு வருடமாக நானும் ஒரு மேசையில் உட்காருகிறேன். அந்த நவம்பரில் ஒரு முதியவரின் காபி இயந்திரத்தைச் சரிசெய்து கொடுத்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு இரண்டு முறை நன்றி சொன்னார். திருநின்றவூரில் அம்மா துவைத்துக்கொண்டிருக்கும் நேரம் அது. சட்டென்று எழுந்து கை கழுவப் போய்விட்டேன்.

அன்று மதியமே அம்மாவை அழைத்துச் சொன்னேன். நூம்பல் பக்கம் ஒரு பராமரிப்பு இல்லம் இருக்கிறது. விசாரித்துவிட்டேன். ஜனவரியில் ஒரு கட்டில் காலியாகிறது, அப்பாவின் பெயரைக் கொடுத்து வைத்திருக்கிறேன். டிசம்பரில் நான் வரும்போதும் துணி விஷயம் இப்படியே இருந்தால் அவரை அங்கே சேர்த்துவிடலாம்.

"அவரை எங்கயும் அனுப்ப மாட்டேன்."

"அப்ப துவைக்க ஒரு ஆள் வெச்சுக்கோ."

"பாத்திரம் தேய்க்கற பொண்ணு கேட்டா, நானே தோய்ச்சுத் தரேன்னு. நான்தான் வேணாம்னுட்டேன். அவரு துணிய இன்னொருத்தர் பார்க்கறது அவருக்குப் புடிக்காது. உனக்குத் தெரியாதா அவர?"

"அப்ப புது மிஷின்?"

அப்பா கூப்பிடுகிறார் என்று சொல்லி வைத்துவிட்டாள். துணிக்கு இரண்டு வழி சொன்னேன், இரண்டுக்கும் இல்லை என்கிறாள் என்று நாட்குறிப்பில் எழுதினேன். மூன்றாவதாக நூம்பல்தான் மிச்சம் என்றும் எழுதினேன்.

டிசம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை எட்டரைக்கு வீட்டில் இறங்கினேன். அம்மாவின் விரல் முட்டிகள் வெடித்துப் புண்ணாகி இருந்தன. மணிக்கட்டில் துணிப்பட்டை. கொல்லையில் ஆறு விரிப்புகள் தொங்கின, பாதி பிழிந்தும் பாதி பிழியாமலும். தண்ணீர் சொட்டி மண்ணில் குழி விழுந்திருந்தது. பெட்டியை வைத்துவிட்டு நேரே கருவிப் பெட்டியை எடுத்தேன்.

"மொதல்ல குளி."

"பார்த்துட்டுக் குளிக்கறேன்."

"இட்லி ஆறிடும். சாப்பிட்டுட்டுப் பாரு. எங்க ஓடிடப்போகுது அது?"

"அது ஓடலன்னுதானே வந்திருக்கேன்."

அம்மா சிரிக்கவில்லை. குளித்து, சாப்பிட்டு, பத்து நாற்பதுக்கு இயந்திரத்தின் முன் உட்கார்ந்தேன். கதவு வழக்கம்போலத் திறந்திருந்தது. முகப்பின் வலது ஓரத்தில் ஒரு துண்டு மாட்டியிருந்தது. அதை எடுத்தேன்.

கொக்கி நுழையும் துவாரத்துக்கு மேலே ஒரு சந்தனப் பொட்டு. அவரைக்கொட்டை அளவு. நடுவில் குங்குமம் வெளுத்திருந்தது. பொட்டிலிருந்து ஒரு இழுப்பு கீழே இறங்கித் துவாரத்துக்குள் போயிருந்தது. உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தேன். கட்டியாகக் காய்ந்து, கொக்கி போய் மாட்டும் இடத்தை முழுக்க அடைத்துக்கொண்டிருந்தது.

"அதத் தொடாத" என்றாள் அம்மா பின்னாலிருந்து.

திரும்பிப் பார்த்தேன். கையில் கரண்டியோடு நின்றாள்.

"அது அப்பா வெச்சது."

எங்கள் வீட்டில் ஆயுத பூஜைச் சந்தனத்தை யாரும் துடைப்பதில்லை. அப்பாவின் தொழிற்சாலை வழக்கம் அது. அவருடைய இயந்திரத்தில் வைத்த பொட்டு எண்ணெய் பட்டு, சூடு பட்டு, தானாக உதிர வேண்டும். வீட்டிலும் சைக்கிள், மிக்ஸி, ஃபிரிட்ஜ் எல்லாவற்றிலும் தை மாதம்வரை மஞ்சளாக ஒரு தடம் இருக்கும். அம்மா வைக்கும் பொட்டுகள் எனக்குத் தெரியும். இயந்திரத்தின் தலையில், ஒரே கோட்டில், மூன்று. அன்றும் அந்த மூன்றும் அங்கே இருந்தன. நாலாவதாக இருந்த இது, நிற்கிற ஒருவர் குனிந்து வைக்கிற உயரத்தில் இல்லை. சக்கர நாற்காலியின் கைப்பிடி உயரத்தில் இருந்தது. விரல் பட்டு, அழுந்தி, கை கனம் தாங்காமல் கீழே இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. காய்ந்த சந்தனத்தில் ரேகைகூடத் தெரிந்தது. அளவுக் கருவிகளோடு இருபது வருடம் இருந்தவளுக்கு அதைப் படிக்க வேறு அறிக்கை வேண்டியதில்லை. என் ஏழாவது விதிப்படி கதவு திறந்திருந்ததால்தான் அது துவாரத்துக்குள் போனது என்பதும் புரிந்தது.

"இதனாலதான் ஓடலன்னு உனக்குத் தெரியுமா?"

"அந்த ஆளு அன்னைக்கே சொன்னான். சந்தனம் உள்ள போயிருச்சு, சுரண்டணும்னான். நான் கூடாதுன்னுட்டேன்."

"பத்து வாரம்மா. பத்து வாரம் கையால தோய்ச்சிருக்க."

"உதிர்றப்ப உதிரட்டும்னு இருந்தேன்."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம் இல்ல?"

"சொன்னேனே" என்றாள். "சொன்னதுக்கு நீ என்ன சொன்ன?"

அடுப்பில் ஏதோ பொங்கியது. அவள் போகவில்லை. நான் இயந்திரத்தின் பக்கம் திரும்பினேன். பொட்டை விட்டுவிட்டு, துவாரத்துக்குப் பின்னால் இருக்கும் கதவுப் பூட்டை மட்டும் கழற்ற முடியுமா என்று பார்த்தேன். முடியாது. பூட்டைப் பிடித்திருக்கும் இரண்டு ஸ்க்ரூவில் மேல் ஸ்க்ரூ பொட்டுக்கு அடியில் இருந்தது. ஸ்க்ரூடிரைவரை வைத்தேன், எடுத்தேன், மறுபடி வைத்தேன்.

கூடத்தின் கதவோரம் அப்பா சக்கர நாற்காலியில் இருந்தார். எவ்வளவு நேரமாகப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று தெரியாது. அவர் பார்வை என் முகத்தில் இல்லை, ஸ்க்ரூடிரைவரின் நுனியில் இருந்தது. வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு, கொஞ்சம் எரிச்சலோடு சொன்னார்.

"கழட்டு."

மெதுவாக வேலை செய்கிற யாரிடமும் அவர் சொல்கிற குரல்தான் அது. அம்மா அவரைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"அவரே சொல்லிட்டாரு இல்ல. அப்புறம் என்ன பார்த்துக்கிட்டு இருக்க? கழட்டு."

தேதிக் காலண்டரிலிருந்து ஒரு தாளைக் கிழித்துக்கொண்டு வந்து பொட்டுக்குக் கீழே பிடித்தாள். பிளேடை அடியில் நுழைத்தேன். இரண்டு துண்டாக வந்தது. அம்மா தாளை நான்காக மடித்துச் சாமி அலமாரியில், குங்குமச் சிமிழுக்குப் பின்னால் வைத்தாள். பூட்டைக் கழற்றி, ஊசியாலும் பழைய பல்தேய்க்கும் பிரஷ்ஷாலும் உள்ளே இருந்ததைச் சுரண்டினேன். உப்புத் தண்ணீரில் குழைத்த சந்தனம் சிமெண்ட்போலப் பிடித்திருந்தது. பதினொன்று ஐந்துக்குத் திரும்ப மாட்டி, கதவை மூடினேன். ‘டக்’ என்று பூட்டிக்கொண்டது. உதிரி எதுவும் தேவைப்படவில்லை. கொல்லையில் சொட்டிக்கொண்டிருந்த ஆறு விரிப்புகளையும் அம்மா எடுத்துவந்து உள்ளே திணித்தாள். பாதிதான் போடணும் என்ற நான்காவது விதியை நான் அப்போது சொல்லவில்லை.

பிழியும் சுற்று ஓடிக்கொண்டிருக்கும்போது, காலண்டர் அட்டையின் ஓரத்தில் எழுதியிருந்த ஒரு எண்ணை அம்மா காட்டினாள். அந்த மெக்கானிக் எழுதிவிட்டுப் போனது. மனசு மாறினால் கூப்பிடுங்கள், செயலி எல்லாம் வேண்டாம் என்று சொன்னாராம். அழைத்தேன். யார் என்று சொன்னதுமே அவருக்குத் தெரிந்துவிட்டது.

"ஓ, நீங்கதானா மேடம் அது? ஃபாரின்லேர்ந்து லெட்டரா போட்டுத் தள்ளினது?"

"ஆமாங்க. தப்பு எங்க பக்கம்தான். இப்பதான் தெரிஞ்சுது."

"இன்னா மேடம் இப்டி பண்ணிட்டீங்க. ஒரு வாரம் வேலையே குடுக்காம ஒக்கார வெச்சிட்டானுங்க. நானு அத்த சுரண்டப் போனா, அந்தம்மா, அதுமேல கைய வெச்சே, ஒன் கைய ஒடச்சிடுவேன்னுச்சு. ஏற்கெனவே கட்டுப் போட்டுகினு கீது, அது எங்கேர்ந்து என் கைய ஒடைக்கறது? சரி போன்னு வந்துட்டேன். என்னன்னு எழுதறது? சந்தனம்னு எழுத அதுல இடமே இல்ல மேடம். இருக்கற நாலுல ஒண்ணத்தான் அமுக்கணும்."

அம்மா பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "கைய ஒடப்பேன்னு சொல்லல. தொட்டா நடக்கறதே வேறன்னேன்" என்று திருத்தினாள்.

"மிஷின் ஓடுதா இல்லியா, அத்த சொல்லுங்க" என்றார் அவர்.

கைப்பேசியை இயந்திரத்தின் பக்கம் பிடித்தேன்.

"ஆங், ஓடுது. பேரிங் கொஞ்சம் சத்தம் வருது, கேக்குதா? ஆறு மாசம் தாங்கும். அப்பறம் என்னிய கூப்டுங்க."

அன்று மாலை அந்த ஆள்மேல் கொடுத்த புகாரைத் திரும்பப் பெற்று எழுதினேன். காரணம் என்ற கட்டத்தில் நான்கு விடைகள்தான் இருந்தன. எதுவும் பொருந்தவில்லை. ‘மற்றவை’ என்பதை அழுத்திவிட்டு, மெக்கானிக் எழுதியது உண்மை என்று கீழே எழுதினேன். நூம்பலுக்கும் பேசி அப்பாவின் பெயரை எடுத்துவிடச் சொன்னேன். துணி சரியானால் அப்பா வீட்டில் இருக்கலாம் என்பது நான் போட்ட நிபந்தனை. துணி சரியாகிவிட்டது. ஆனால் அந்த நிபந்தனையைப் போட எனக்கு யார் உரிமை கொடுத்தது என்று அம்மா கேட்கவேயில்லை. அவள் தன் பதிலைப் பத்து வாரம் கொல்லையில் காயப்போட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். வந்து இறங்கியதும் நான் அதைப் பார்த்தும், துணி என்று மட்டும்தான் எண்ணினேன்.

நான் இருந்த மூன்று வாரத்தில் அப்பாவின் வலது கை எனக்காக ஒரு முறையும் எழும்பவில்லை. நான் கேட்கவும் இல்லை. அம்மா அதைப் பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. சுவரில் ஒட்டியிருந்த தாளில் பதினோராவது விதி ஒன்று சேர்த்தேன்: ஆயுத பூஜையன்று மட்டும் கதவை மூடி வைக்கவும்.

கிளம்பும் முன் குறிப்பேட்டின் பின்பக்கத்தைத் திறந்து, காலியாக இருந்த இடத்தை நிரப்பினேன். காரணம்: சந்தனம். வைத்தவர் அப்பா. வலது கை. பிறகு நாட்குறிப்பை எடுத்து, ஆயுத பூஜைப் பக்கத்துக்குப் போய், ‘உறுதி இல்லை’ என்பதன்மேல் பென்சிலால் ஒரு கோடு இழுத்தேன்.

அம்மா தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பேனால அடி" என்றாள்.